ஓ139: சீரத்துக்குச் சிக்காத காலரா

1992 கடைசியில் சென்னையிலும், அடுத்து வேலூரிலும் வாந்திபேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஒரு கிருமி ஆய்வகங்களைக் குழப்பியது. கிருமி வளர்க்கும் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் மளமளவென்று பெருகியது. டி.சி.பி.எஸ். என்ற வளர்ப்புத் தட்டில் காலராவுக்கே உரிய மஞ்சள் திட்டுகள் வந்தன. நோயாளிகளோ தண்ணீராகக் கழிந்து துவண்டு கிடந்தார்கள். ஆனால் கண்ணாடிச் சில்லில் ஓ1 என்ற காலரா வகையை அடையாளம் காட்டும் எதிர்சீரம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினால், திரிதிரியாகத் திரள வேண்டிய கிருமி திரளவே இல்லை.

காலராக் கிருமியின் மேல்தோலில் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றின் அமைப்பை வைத்து அதுவரை 138 வகைகளைப் பிரித்திருந்தார்கள். கொள்ளைநோயாகப் பரவுவது ஓ1 மட்டுமே என்பது அன்றைய பாடம். மற்றதையெல்லாம் ‘ஓ1 அல்லாதவை’ என்று எழுதி ஒதுக்குவது வழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நுண்ணுயிரியலாளர்கள் அப்படி ஒதுக்கவில்லை. எல் டோர் என்ற பழைய ஓ1 கிருமி குறைந்து, அதன் இடத்தை ஓ1 அல்லாத ஒன்று பிடித்துவிட்டதை 1993இல் லான்செட் மருத்துவ இதழில் அறிவித்தார்கள். இந்தக் கதையில் பெரிய வேலை இதுதான் என்பேன். பின்னால் வந்த மரபணுச் சோதனைகளுக்கெல்லாம் சரக்கு கொடுத்தது இந்தக் கவனம்.

கிருமி அதற்குள் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போயிருந்தது. 139ஆவது வகை என்பதால் ஓ139 என்று பெயரிட்டார்கள். காலரா அடிக்கடி வரும் ஊர்களில் பெரியவர்களுக்குப் பழைய எதிர்ப்புச் சக்தி ஓரளவு இருக்கும். குழந்தைகள்தான் அதிகம் விழுவார்கள். இந்த முறை பெரியவர்களே கூட்டங்கூட்டமாக வந்தார்கள். ஓ1ஐ எதிர்த்துப் பழகிய உடல் இதை அடையாளம் காணவில்லை.

இது எங்கிருந்து முளைத்தது? இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஆற்றிலும் கழிமுகத்திலும் சும்மா கிடந்த ஏதோ ஒரு வகை, காலரா நச்சின் மரபணுவைப் பெற்றிருக்கலாம். அல்லது பழைய எல் டோரே மேல்தோலை மாற்றிக்கொண்டிருக்கலாம். சீரம் இதைச் சொல்லாது. அது பார்ப்பது தோலை மட்டுமே. லாரியின் நம்பர் பிளேட்டைக் கழற்றி மாட்டிவிடலாம், சேசிஸ் நம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு அன்று இருந்த வழி, டி.என்.ஏ.வைத் துண்டுபோடுவது. டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. சில நொதிகள் குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் மட்டும் வெட்டும். நாட்-1 என்ற நொதி எட்டு எழுத்து வரிசையைத் தேடுவதால் அதற்கு வெட்டுமிடங்கள் அரிது. பெரிய பெரிய துண்டுகளாக விழும். அவற்றை ஜெல் என்ற கூழ்ப் பலகையில் ஏற்றி, மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்தினால், சிறியவை முன்னே ஓடும், பெரியவை பின்தங்கும். கோடுகளின் வரிசைதான் அந்தக் கிருமியின் கைரேகை. ரைபோடைப்பிங் என்ற இன்னொரு முறை, ரைபோசோம் மரபணுக்கள் எந்தெந்தத் துண்டில் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கும். இரண்டிலும் ஓ139 எல் டோருக்கு நெருங்கிய சொந்தம் என்றே தெரிந்தது. தோலைக் கட்டும் மரபணுக் கூட்டத்தில் சுமார் 22,000 எழுத்துகள் போய், அந்த இடத்தில் சுமார் 35,000 எழுத்துகள் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தன. போதாததற்கு எஸ்.எக்ஸ்.டி. என்ற ஒரு துணுக்கும் ஏறியிருந்தது. டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் அதில் இருந்தன.

இன்று முழு ஜீனோமையே, அதாவது கிருமியின் மொத்த டி.என்.ஏ.வையே படித்துவிடுகிறார்கள். காலராவுக்கு அது சுமார் 40 லட்சம் எழுத்துகள். 1961இல் இந்தோனேசியாவில் கிளம்பிய ஏழாவது உலகக் காலராக் கொள்ளைநோயின் கிருமிகளை ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வு, எல்லாவற்றுக்கும் பொதுவான மைய ஜீனோமில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று எழுத்துகள் மாறுவதாகக் கணக்கிட்டது. எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று தெரிந்தால், இரண்டு கிருமிகள் எப்போது பிரிந்தன என்று ஊகிக்கலாம். 2010இல் ஹைட்டியில் வெடித்த காலரா நேபாளத்துக் கிருமியோடு ஒட்டிப்போனது இப்படித்தான் தெரிந்தது.

எழுத்து ஒப்பீடு உறவைச் சொல்லும். ஊரைச் சொல்ல, மாதிரியோடு ஊர்ப்பெயரும் தேதியும் சரியாக வந்தாக வேண்டும். வேலூரில் இது லேசான விஷயமல்ல. காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கி சி.எம்.சி.க்குப் போகிறவர்களில் வங்காளிகளும் வடகிழக்குக்காரர்களும் ஏராளம். ‘வேலூரில் கிடைத்த கிருமி’ என்பது வேலூர்த் தண்ணீரில் இருந்த கிருமியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் முதலில் பிடிபட்டது என்றாலும், தோல் மாறியது அங்கேதான் என்று ஆகிவிடாது. பரிசோதிக்க ஆள் இல்லாத ஊரில் நோய் வந்துபோனால் மாதிரியே மிஞ்சாது. வேலூரைச் சுற்றிய வட ஆற்காட்டில் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று நடத்திய நோய்க் கண்காணிப்பில், மருத்துவமனைகள் அச்சடித்த அஞ்சலட்டையில் நோயாளியின் விவரத்தை எழுதித் தபாலில் போட்டன. எந்தக் கிராமம் என்ற கேள்விக்கு ஜெல் தராத பதில் அந்த அட்டையில்தான் இருக்கும்.