பொடக்காலிக்கு (வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு) அடியில் பெட்ரோல் குழாய்: சைட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பல்லடம், காங்கேயம் பக்கம் சைட் வாங்குகிறவர்கள் வீட்டுக்கடனுக்கு லீகல் ஒப்பீனியன் கேட்டுப் பத்திரக்கட்டோடு என்னிடம் வருவார்கள். பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் சரியாக இருக்கும். முப்பது வருட வில்லங்கமும் சுத்தமாக இருக்கும். ஆனால் நிலத்துக்கு அடியில் எரிபொருள் குழாய் போகும் சேதி அந்தக் கட்டில் எங்குமே இருக்காது.

1962ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தில் நிலம் உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். குழாய் பதித்துப் பராமரிக்கும் உபயோக உரிமை மட்டும் அரசிதழ் அறிவிப்பு மூலம் கைமாறும். சார்பதிவாளர் ஆபீஸில் பதிவான பத்திரத்தால் வருவதல்ல என்பதால் வில்லங்கச் சான்றில் அது தெரியாமலே போகலாம். நில மதிப்பில் 10 சதவீதமும் பயிர் நஷ்டமும் அன்றைய தோட்டத்து உரிமையாளருக்குப் போயிருக்கும். பிறகு வாங்கியவருக்குக் கட்டுப்பாடு மட்டும்தான் மிச்சம்.

குடியிருக்கும் வீட்டுக்கும் அதை ஒட்டிய நிலத்துக்கும் அடியில் குழாய் பதிக்க அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆக, இன்று பொடக்காலியில் குழாய் போகிறதென்றால் பெரும்பாலும் குழாய்க்குப் பிறகு வந்த வீடாகத்தான் இருக்கும். கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் போகும் குழாய்க்கு இருபது வயது தாண்டிவிட்டது. அதற்குள் எத்தனை தோட்டம் சைட்டாகிவிட்டது!

9ஆம் பிரிவுப்படி, உபயோக உரிமை எடுக்கப்பட்ட நிலப் பட்டையில் கட்டடம், கிணறு, தொட்டி எதுவும் கூடாது, மரமும் வைக்கக்கூடாது. மீறிக் கட்டினால் மாவட்ட நீதிமன்றம் மூலம் அகற்றலாம். நிறைய லைன்களில் பட்டையின் அகலம் 18 மீட்டர், அதாவது 59 அடி. 40க்கு 54 அளவுள்ள ஐந்து சென்ட் சைட் அதில் முழுசாக அடங்கிவிடும்.

ஒரு வீட்டில் செப்டிக் டேங்க் பிரச்சினையைப் பார்க்கப் போயிருந்தேன். பின்னால் நம்பர் எழுதிய கல் ஒன்றில் எருமையைக் கட்டியிருந்தார்கள். "கல்லுதானுங்களே சார், புடுங்கி ஓரமாப் போட்டுக்கறமுங்க" என்றார் அந்த அம்மா. அது குழாய் போகும் வழியைக் காட்டும் அடையாளக் கல். அதற்கு நாலடி தள்ளி ஜேசிபி குழி தோண்ட நின்றுகொண்டிருந்தது. குழாய் ஒரு மீட்டர் ஆழத்தில்கூட இருக்கலாம்; செப்டிக் குழி அதைவிட ஆழம். நல்லவேளை, அன்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஜேசிபி பல் குழாயை உடைக்கவே வேண்டியதில்லை. மேல்பூச்சு உரிந்தாலே போதும், அந்த இடத்தில் துருப்பிடித்துப் பின்னாளில் கசியும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். பள்ளம், சாக்கடை, கிணறு என்று தாழ்ந்த இடத்தில் போய்த் தங்கும். கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம், காரணமில்லாமல் ஒரே கோட்டில் காயும் புல், பெட்ரோல் வாடை எது தெரிந்தாலும் மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வண்டியைக் கிளப்பாமல், காற்று வரும் திசையை நோக்கி நடந்தே விலகி, தூரமாகப் போய் அடையாளப் பலகையில் உள்ள எண்ணுக்கும் 112க்கும் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் ஆவி அடுப்படியிலேயே நிறையும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, குழாய் நிறுவனத்துக்கும் இந்தச் சட்டப்படி அந்த லைனுக்கு நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரிக்கும் எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்களும் இடித்துவிடுவார்களோ என்று பயந்து கல்லை மறைக்காதீர்கள். குழாய் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று நேரில் அளந்து காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள்.