வண்டு அல்ல, நாவாய்ப்பூச்சி

நடுக்கடலில் அலைமேல் நடக்கும் ஹாலோபேட்டஸ் ஜெர்மானஸைக் காட்டிய ஆவணப்படம் ஒன்று, தமிழ்க் குரலில் அதைக் 'கடல் வண்டு' என்றது. அதற்கு முன் ஒரு காணொளியில், நெற்கதிரில் பால் உறிஞ்சும் லெப்டோகோரைசா அக்யூட்டாவுக்கு 'நெல் வண்டு' என்று பெயர். இரண்டும் வண்டே இல்லை.

குழப்பம் 'பக்' என்ற ஆங்கிலச் சொல்லில். அது இடைக்கால ஆங்கிலத்தில் பூச்சாண்டி, பிறகு பூச்சி, இன்று கணினிப் பிழையும்கூட. விலங்கியலார் இந்த இரண்டும் அடங்கும் ஹெமிப்டெரா என்ற பூச்சி வரிசையை மட்டும் 'ட்ரூ பக்' என்றார்கள். அதை 'உண்மையான பிழைகள்' என்று எழுதியவர்களும் உண்டு!

வண்டு கடித்து மென்று தின்னும். அதன் முன்னிறக்கை ஓடுபோல முதுகை மூடியிருக்கும். புழுவாகி, கூட்டுப்புழுவாகித்தான் வண்டாகும். இவற்றுக்கோ வாயே ஊசிக்குழல். குத்தி, எச்சில் விட்டு, உறிஞ்சும். குஞ்சும் தாயின் சாயலிலேயே இருக்கும். 'நெல் வண்டு' என்றதும் மூட்டைக்குள் இருக்கும் மூக்கு நீண்ட வண்டுதான் விவசாயிக்கு நினைவு வரும். அவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, வயலில் கதிர் பதராகிக்கொண்டிருக்கும். சொல் தவறினால் இப்படித்தான் பயிர் போகும். மொழிபெயர்க்கிறவர்கள் வரப்பில் நிற்கும் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

தூய தமிழ் அன்பர்கள் 'அரையிறக்கைப் பூச்சி' என்பார்கள். ஹெமிப்டெராவின் கிரேக்கப் பொருள் அதுதான், மறுக்கவில்லை. முன்னிறக்கையின் அடிப்பாதி தடிப்பு, நுனிப்பாதி சவ்வு. கதிரில் இருப்பதற்குப் பொருந்தும். ஆனால் கடலில் நடப்பதற்கு இறக்கையே கிடையாது, வாழ்நாள் முழுவதும்! இதே வரிசையில் வரும் மூட்டைப்பூச்சியும் பறக்காது. வரிசைக்கு வேண்டுமானால் அந்தப் பெயரை வைக்கலாம், உயிருக்கு வைக்க முடியாது. 'சாறு உறிஞ்சும் பூச்சி' என்றால் இலைப்பேனும் உள்ளே வந்துவிடும்.

கதிரில் இருப்பதற்குப் பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகளில் ஏற்கெனவே இருக்கும் சொல் கதிர் நாவாய்ப்பூச்சி. பால் பிடிக்கும் பருவத்தில் வயலில் இறங்கினால் பூச்சி கண்ணில் படுமுன் அதன் நாற்றம் மூக்கில் ஏறும். குத்துப்பட்ட நெல்லை நகத்தால் நசுக்கிப் பாருங்கள், பால் வராது; உமியில் பழுப்புப் புள்ளி ஒன்று இருக்கும்.

நாவாய் என்றால் கப்பல்தானே என்று கேட்கிறார்கள். சங்கப் பாடல்களில் கப்பல்தான். 'ஆறு' எண்ணாகவும் நதியாகவும் இருக்கிறது, யாரும் குழம்பவில்லையே.

நாற்பதுக்கும் மேற்பட்ட ஹாலோபேட்டஸ் இனங்களில் 5 மட்டுமே கரை காணாத பெருங்கடலில் வாழ்கின்றன. மிதக்கும் இறகிலும் பிளாஸ்டிக்கிலும் முட்டையிட்டு, நீர்ப்பரப்பில் கிடக்கும் சிற்றுயிர்களை உறிஞ்சி உயிர்வாழும் இவற்றைக் கடல் நாவாய்ப்பூச்சி என்றே எழுதுகிறேன்.