பறவை ஏரியைத் தண்ணீர்த் தொட்டி ஆக்காதீர்கள்

இந்தக் கோடையில் மறுபடியும் ஓர் ஏரி. ஊர் இளைஞர்கள் ஒன்று கூடி, ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கி, பொக்லைனை இறக்கி, கரைக்குக் கரை ஒரே மட்டமாக எட்டடி தோண்டியிருக்கிறார்கள். தோண்டிய மண்ணை நடுவில் செங்குத்தாகக் குவித்து, மேலே பத்து மரக்கன்று நட்டு, ‘பறவைத் தீவு’ என்று பலகையும் வைத்தாயிற்று. அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஏரியில் மேய்ந்த உள்ளான்களுக்கும் வாத்துகளுக்கும் வரும் பருவத்தில் அங்கே கால் வைக்க இடம் இல்லை.

‘ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் பறவை வரும்.’ எங்கே போனாலும் இதைத்தான் சொல்கிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பறவைக்கு வேண்டியது தன் கால் எட்டும் தண்ணீர். கொசு உள்ளானுக்கு விரற்கடை ஆழம் போதும். சேற்றில் குத்தித்தான் அது தின்னும். நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண். ஊசிவால் வாத்து முழுகாது. வாலைத் தூக்கிக்கொண்டு கழுத்தை மட்டும் நீருக்குள் விட்டு மேயும், அதற்கு ஓரடி ஆழத்துக்குள் தரை இருக்க வேண்டும். மஞ்சள் மூக்கு நாரை அலகைத் திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு நடந்தபடியே மீன் பிடிக்கிறது. எட்டடித் தண்ணீரில் அது எப்படி நடக்கும்? நத்தைகுத்தி நாரைக்கு வேண்டிய நத்தை, நீர்ச்செடி உள்ள ஆழமில்லாத இடத்தில்தான் கிடைக்கும். கலங்கிய ஆழ நீரில் அடிவரை வெயில் இறங்காது, செடி வராது, நத்தையும் பெருகாது. ஆழத்தால் பயன் பெறுபவை நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் போன்ற சில. கூழைக்கடாகூட முழுகுவதில்லை, மிதந்தபடி மேலாக வருகிற மீனைத்தான் அள்ளும்.

சரிவின் கணக்கு இன்னும் முக்கியம். இருபதடிக்கு ஓரடி என்று தரை சரிந்திருந்தால், நீர்மட்டம் ஓரடி இறங்கும்போது ஓரம் முழுக்க இருபதடி அகலத்துக்குப் புதுச் சேறு வெளியே வரும். புழுவும் பூச்சியும் நிறைந்த அந்தச் சேறுதான் வலசை வந்த பறவைகளுக்கு உணவு. தை, மாசியில் நீர் வற்ற வற்ற, வாரத்துக்கு வாரம் புது மேய்ச்சல் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஓரத்தைச் சுவர் மாதிரி வெட்டிவிட்டால் அதே ஓரடி இறங்கும்போது சுவர்தான் ஓரடி கூடுதலாகத் தெரியும். சேறு கிடைக்காது.

விவசாயிக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டியதில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. இதை நீர்வளத்துறைப் பொறியாளர் யாரைக் கேட்டாலும் சொல்வார். வண்டலுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் களிமண் படுகையையும் பொக்லைன் உடைத்துவிட்டால், நின்ற தண்ணீரும் கீழே இறங்கிவிடும். ஆழப்படுத்திய பிறகு ஏரி முன்பைவிடச் சீக்கிரம் வற்றுகிறதே என்று ஆச்சரியப்படும் ஊர்கள் பல.

அதற்காகத் தூர் வாரவே கூடாது என்று சொல்லவில்லை. வாருங்கள். முதலில் ஏரியின் மட்ட அளவை எடுங்கள். மதகு, கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) மட்டங்களை அதில் குறியுங்கள். வரத்துக்கால்வாயில் தொடங்குங்கள், பெரும்பாலான ஏரிகளின் நோய் அங்கேதான். உள்ளே வண்டலை மட்டும் எடுத்து, களி தென்பட்டதும் நிறுத்துங்கள். கோடையிலும் மீனுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் ஏரியின் ஒரு மூலையில் ஒரு பள்ளம் போதும். அதைக் கரையின் அடியை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை சரியும். எதிர்ப்புற நீர்பிடி ஓரத்தில் இயந்திரமே இறங்க வேண்டாம். எடுத்த வண்டல் உரிய அனுமதியோடு வயலுக்குப் போகட்டும். திட்டு கட்டியே ஆக வேண்டும் என்றால் பல சிறு திட்டுகள், படுத்த சரிவு, மேலே கருவேலமும் நீர்க்கடம்பும். வேடந்தாங்கலில் பறவைகள் பெரும்பாலும் கூடு கட்டுவது நீரில் நிற்கத் தாங்கும் இந்தக் கடம்பில்தான். வேம்பைத் திட்டில் நட்டால் ஒரு நல்ல மழைக்காலத்தில் வேர் அழுகிவிடும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது போக வேண்டிய மரம்தான். ஆனால் பல கண்மாய்களில் இன்று கூடு இருப்பது அதில் மட்டுமே. ஒரே வாரத்தில் வழித்தெடுத்தால் அடுத்த பருவத்தில் பறவைகள் எங்கே இறங்கும்? கருவேலமும் கடம்பும் கூடு தாங்கும் அளவுக்கு வளர வளர, பகுதி பகுதியாக அகற்றுங்கள்.

அடுத்த தவறான எண்ணம்: ‘சரணாலயம்தானே, வனத்துறை பார்த்துக்கொள்ளும்.’ தமிழ்நாட்டுப் பறவைச் சரணாலயங்களில் பெரும்பாலானவை பாசன ஏரிகள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) இருந்தால் மதகு நீர்வளத்துறையிடம் இருக்கும்; அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். மீன்பாசிக் குத்தகையை விடுவது வேறொருவர். வேடந்தாங்கலில் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான், ஆனால் 1998 அறிவிக்கையின்படி சுற்றிலும் 5 கிலோமீட்டர் சரணாலயம். அதில் பட்டா நிலமும் ஊர்களும் அடக்கம். வனக்காவலர் ஒருவர் தனியாக என்ன செய்ய முடியும்?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 29 தெளிவாகச் சொல்கிறது: சரணாலயத்துக்குள் வரும் நீரையோ வெளியேறும் நீரையோ திருப்பவும் தடுக்கவும் கூட்டவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பிரிவு 33பி ஓர் ஆலோசனைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. சட்டமன்ற உறுப்பினர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், தொண்டு நிறுவனத்தார், ஆர்வலர்கள், உள்துறை, கால்நடைத்துறை எல்லாரும் அதில் உண்டு. நீர்வளத்துறையும் மீன்வளத்துறையும் பெயர் சொல்லி அதில் இல்லை. மதகைத் திறப்பவர் இல்லாமல் ஏரியைப் பற்றி என்ன பேசுவது? அவர்களைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடுங்கள். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவரையும் ஏரியின் நீர்க்கட்டியையும் (வயல்களுக்கு நீர் பங்கிட்டு விடுபவர்) கட்டாயம் கூப்பிடுங்கள். இந்தக் கூட்டம் செப்டம்பருக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நடக்கட்டும்.

கூட்டம் முடியும்போது ஒரு பக்கத் தாள் கையில் இருக்க வேண்டும். மதகுச் சாவி யாரிடம்? நீர்மட்ட அளவுகோலில் எந்த மட்டத்துக்குக் கீழே மதகைத் திறக்கக் கூடாது? கூடுள்ள மரங்களின் அடியில் குறைந்தது இரண்டடித் தண்ணீர் நிற்கும் மட்டம் அது. தரை காய்ந்தால் நாயும் நரியும் காட்டுப்பூனையும் மரத்தடிக்கு வந்துவிடும். தவறி விழுந்த குஞ்சு திரும்ப ஏறாது. எதுவரை? கடைசிக் குஞ்சு பறக்கும்வரை. கூழைக்கடாவுக்கு முட்டையிட்டதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். வேடந்தாங்கலின் நாட்காட்டியைத் திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்துக்குப் பொருத்தாதீர்கள். அங்கே ஜூலைவரை கூட்டில் குஞ்சு இருக்கும், அதனால் தூர் வாரும் நாட்களும் குறைவு. குத்தகை உள்ள ஏரி என்றால், மீன் பிடிப்பதற்காக மதகைத் திறந்து நீரை வடிக்கக் கூடாது என்று குத்தகை ஆணையிலேயே எழுதுங்கள். இரவில் மதகு திறந்துகொள்வது பெரும்பாலும் இதற்காகத்தான். மற்ற மீன்களைத் தின்றுவிடும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஏரியில் விடக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விவசாயியை எதிராளியாக நிறுத்தாதீர்கள். எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று தெரிந்து வேடந்தாங்கலைக் காத்தது ஊர் மக்கள்தான். 1790களிலேயே ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக் கேட்டு வாங்கியவர்கள். சிவகங்கை மாவட்டக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு: டிரோன் பறக்கவிடாதீர்கள். கை தட்டிப் பறவையை எழுப்பிப் படம் எடுக்காதீர்கள். தாய் எழுந்த சில நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். உச்சி வெயிலில் சிறகு விரித்து நிழல் தர ஆளில்லாத குஞ்சு செத்துப்போகும். கரையில் நில்லுங்கள், தொலைநோக்கி கொண்டு வாருங்கள்.

நிதி தர முன்வரும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் இன்று 20 ராம்சார் தலங்கள் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்) இருக்கின்றன, அவற்றில் பல பாசன ஏரிகளும் குளங்களும் கண்மாய்களும்தான். பொக்லைன் வாடகைக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் மட்ட அளவை எடுத்துக் கொடுங்கள், ஒழுகும் மதகுக்குப் புதுக் கதவு போடுங்கள், நீர்மட்ட அளவுகோல் நடுங்கள், அதைத் தினமும் பார்த்துக் குறிக்கும் ஊர்க்காரர் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுங்கள். பணம் மீந்தால் வரத்துக்கால்வாய். இயந்திரம் ஏரிக்குள் இறங்க வேண்டுமா என்பதை அந்த அளவை கைக்கு வந்த பிறகு பேசுவோம்.