கோப்புப் பகிர்வு

ஒரு வீட்டில் உள்ள இரண்டு கணினிகள் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கும்போது, ஒன்றன் வட்டில் இருக்கும் கோப்பை மற்றொன்றிலிருந்து திறக்கவோ திருத்தவோ இசைவு தருவதே கோப்புப் பகிர்வு ஆகும். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை அணுகும் உரிமைதான் அடுத்த கணினிக்குக் கிடைக்கிறது. ஆகவே கோப்பு உள்ள கணினியை அணைத்துவிட்டால் பகிர்வும் நின்றுவிடும்.

‘கோப்பு’ என்பது ‘கோ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல்; மணியை நூலில் கோத்தல் என்னும்போது வருவதும் அதே வினைதான். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஃபைல்’ என்னும் சொல்லும் நூலைக் குறிக்கும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல்வழி வந்து, தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்துவைத்த வழக்கத்தால் ஆவணத் தொகுப்புக்குப் பெயராயிற்று. ஓலைகளில் துளையிட்டுக் கயிற்றில் கோத்துவந்த மொழிக்கு இந்தச் சொல் இயல்பாகவே பொருந்துகிறது.

‘பகிர்’ அவ்வளவு எளிதன்று. ‘பகு’ என்பதோடு உறவுடைய இச்சொல்லின் முதற்பொருள் பங்கிடுதல். ‘ஷேர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளும் வெட்டிப் பிரித்தலே. பங்கிட்டால் கொடுத்தவரிடம் குறைய வேண்டும், கோப்போ குறைவதில்லை. எனினும் ஒன்றைப் பலர் பொதுவாகப் பயன்படுத்துதல் என்னும் பொருளும் இன்று இரு சொற்களிலும் நிலைத்துவிட்டதால், ‘பகிர்வு’ என்பதை மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது, கோப்புப் பரிமாற்றத்தையும் இதே சொல்லால் குறிக்கும் பழக்கத்தையே. கான்பூர் ஐஐடியில் பயின்ற அபய் பூஷண், அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தபோது 1971-இல் எழுதிய எஃப்டிபி என்னும் நெறிமுறை (கணினிகள் தமக்குள் தொடர்புகொள்ளும் விதித்தொகுப்பு), கோப்பின் படியை, அதாவது நகலை, மறுமுனைக்குக் கொண்டுசேர்ப்பது. சேர்ந்தபின் இரண்டு படிகளுக்கும் தொடர்பில்லை, ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் வராது. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் பேரி ஃபைகன்பாம் உருவாக்கிய எஸ்எம்பி நெறிமுறையோ, தொலைவிலுள்ள கோப்பைத் தன் வட்டில் உள்ளதுபோலத் திறக்கவும், வேண்டிய பகுதியை மட்டும் படிக்கவும், ஒருவர் எழுதும்போது மற்றவர் குறுக்கிடாதபடி பூட்டவும் வழிசெய்கிறது. விண்டோஸ் கணினிகள் இன்றும் அதன் புதிய பதிப்புகளையே பயன்படுத்துகின்றன. லினக்ஸ் இயங்குதளக் கணினியை அவற்றோடு சேர்க்கும் மென்பொருளை எழுதிய ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி, ‘சாம்பா’ என்று பெயரிட்டார். பிரேசில் நடனத்துக்கும் அதற்கும் வேறு தொடர்பில்லை.

எழுதும் முறையிலும் ஒரு கவனம் தேவை. ‘கோப்பு’ வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால் பின்வரும் வல்லினம் மிகும்; ‘கோப்பு பகிர்வு’ என்பது பிழை.

பகிர்வுக்குத் திறந்துவிட்ட இடத்தை அலுவலகங்களில் ‘ஷேர்’ என்றே சொல்கிறார்கள். ‘ஷேர்ல போட்டிருக்கேன்’ என்பது அன்றாடப் பேச்சு. அதற்குப் ‘பகிரப்பட்ட கோப்புறை’ என்று எழுதுவது நீளம். அதோடு, பகிர்ந்து முடிந்துவிட்டது என்ற தோற்றத்தையும் தருகிறது. ‘ஊறுகாய்’ போன்று காலம் மறைந்த வினைத்தொகையாகப் ‘பகிர்கோப்புறை’ என்றால், நேற்றுத் திறந்ததற்கும் இனித் திறக்கப்போவதற்கும் அது ஒருங்கே பொருந்தும்.