இருபது வோல்ற்றில் திறக்கும் சுவர்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார்: "மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்திருக்கிறாள். கல்முனையில் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு மூன்று லப்டொப் காட்டினார்கள். ஒன்று புத்தம் புதிது: செலரன், 4 ஜிபி றாம், 64 ஜிபி ஈஎம்எம்சி. இரண்டாவது வெளிநாட்டுக் கந்தோர் ஒன்றில் பாவித்துக் கழித்தது: ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி றாம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மூன்றாவதும் பழையதுதான்: ஐ7, 1 டெராபைட் ஹாட் டிஸ்க். கடைக்காரத் தம்பி மூன்றாவதை எடுக்கச் சொல்கிறார். ஐ7 என்றால் பெரிசுதானே?"

இரண்டாவதை எடுங்கள். காரணத்தைக் கேட்க நேரமில்லாதவர்கள் இந்த இடத்தில் எழும்பிப் போகலாம்.

ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பனியின் புரொசசர் பெயர்கள். எந்த வருடத்து ஐ7 என்று தெரியாமல் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7 2640 என்றிருந்தால் இரண்டாம் தலைமுறை, 2011ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ5 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் பக்கத்தில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கிறது. ஆகவே ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும் வேண்டாம், லினக்ஸ் போட்டுப் பாவிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் ஒழிய. றாம் 8 ஜிபி வேண்டும். நாலு ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தைச் சேமிப்பகத்தில் கொண்டுபோய் வைக்கும். அங்கேதான் எல்லா வேகமும் செத்துப்போகிறது.

சரி, அந்தச் சேமிப்பகத்துக்கு வருவோம். பழைய லப்டொப் இழுபடுகிறது என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அங்கே புரொசசர் களைத்துப்போய் நிற்பதில்லை, ஹாட் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது. லப்டொப் ஹாட் டிஸ்க்கின் தட்டு வழக்கமாக நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும். செக்கனுக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன். தேவையான தரவு வாசிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதற்கு முன் முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு பத்து மில்லிசெக்கன் அளவில் போய்விடும். ஆக, ஒரு துண்டுத் தரவுக்கு 15 மில்லிசெக்கன். இரண்டு கிகாஹேர்ட்ஸ் புரொசசருக்கு அந்த இடைவெளியில் 3 கோடித் துடிப்புகள் வீணாகின்றன. விண்டோஸ் எழும்பும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத் தட்டின் நாலா பக்கமும் இருந்து பொறுக்க வேண்டும்.

ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் அதே துண்டு 0.1 மில்லிசெக்கனிலோ அதற்கும் குறைவாகவோ கைக்கு வரும். வீட்டில் ஏற்கெனவே ஹாட் டிஸ்க் போட்ட லப்டொப் இருப்பவர்கள் அதை விற்க ஓட வேண்டாம். ஒரு எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள். புதிது வாங்கும் எண்ணமே கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போகும்.

எஸ்எஸ்டிக்குள் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் சில கறுப்புச் சில்லுகள். அப்படியானால் கரண்டை நிறுத்தி, பற்றரியையும் கழற்றிய பிறகு மகளின் செயற்றிட்ட அறிக்கை அங்கே எந்த வடிவில் இருக்கிறது? எனக்கு இந்தக் கேள்வியில் தனி ஆசை.

திரான்சிற்றர் பாடசாலையில் படித்ததுதான். மேலே இருக்கும் வாயிலுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் கீழே சிலிக்கனில் மின்னோட்டம் போகும், எடுத்தால் நிற்கும். 1967இல் பெல் ஆய்வுகூடத்தில் டாவோன் காங், சைமன் சே என்ற இருவர் அந்த வாயிலுக்கும் சிலிக்கனுக்கும் நடுவே இன்னொரு வாயிலைச் செருகினார்கள். அதற்கு ஒரு கம்பியும் போகாது. மேலேயும் கீழேயும் சுற்றிவரவும் காவலி. அதனால் மிதக்கும் வாயில் என்று பெயர். அந்தக் காவலி சிலிக்கன் ஈரொட்சைட்டு, மணலில் இருக்கும் குவார்ட்ஸும் அதே சேர்வைதான். நடுவில் மாட்டிக்கொண்ட வாயிலில் இலத்திரன்கள் இருந்தால் அவை மேல்வாயிலின் செல்வாக்கைக் கொஞ்சம் மறைக்கும். திரான்சிற்றரைத் திறக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். இவ்வளவுதான் வாசிப்பு. ஓர் அளவான அழுத்தம் கொடுத்துப் பார், மின்னோட்டம் போனால் 1, போகாவிட்டால் 0.

கம்பியே இல்லாத இடத்துக்கு இலத்திரன் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

கீழ்ப்பக்கக் காவலியின் தடிப்பு ஏழெட்டு நனோமீற்றர், தலைமயிரின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதில் ஓட்டை கிடையாது. அதை ஏறித் தாண்ட இலத்திரனுக்கு மூன்று இலத்திரன் வோல்ற் அளவு சக்தி கூடுதலாக வேண்டும். அதுவும் கையில் இல்லை. பழைய பௌதிகவியலோடு கதை இங்கே முடிந்தது. குவாண்டம் பௌதிகவியலில் இலத்திரன் ஒரு அலையும்கூட. அலை சுவரில் முட்டிய இடத்திலேயே சட்டென்று பூச்சியமாகாது. சுவருக்குள் போகப் போகத் தேய்கிறது. சுவர் போதிய அளவு மெல்லியது என்றால் தேய்ந்து முடிவதற்குள் மறுபக்கம் வந்துவிடும். அலை எட்டிய இடத்தில் இலத்திரன் தோன்றுவதற்கும் ஒரு வாய்ப்பு உண்டு. சுரங்கப் பாய்ச்சல் என்கிறோமே, அது இதுதான், ஆனால் சுரங்கம் யாரும் தோண்டவில்லை.

எட்டு நனோமீற்றருக்கு இந்த வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். தடிப்புக் கூடக் கூட அது படுவேகமாகச் சரிந்துவிடும். இனித்தான் என்னைப் பல நாள் தூங்கவிடாத தந்திரம் வருகிறது. மேல்வாயிலுக்கு 20 வோல்ற் அளவில் கொடுத்தால், அந்த மின்புலம் தடையின் வடிவத்தையே சரிக்கிறது. செவ்வகமாக நின்ற சக்தித் தடை ஒரு பக்கம் சாய்ந்து முக்கோணமாகிறது. இலத்திரன் நிற்கும் சக்தி மட்டத்தில் அது கடக்க வேண்டிய தூரம் இப்போது மூன்று நனோமீற்றர் அளவுதான். ஒட்சைட்டில் ஓர் அணுகூடக் குறையவில்லை, அதே எட்டு நனோமீற்றர் அங்கேயே நிற்கிறது. ஆனால் இலத்திரனுக்கு அது மெல்லிய சுவர். ஒரு மில்லிசெக்கன் அளவுக்குள் போதிய இலத்திரன்கள் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். அழுத்தத்தை எடுத்தவுடன் தடை பழையபடி நிமிர்கிறது. போனவை வெளியே வர வழியில்லை, வருடக்கணக்கில். ஒரு பக்கம் மில்லிசெக்கன், மறுபக்கம் பத்து வருடம், நடுவில் அதே சுவர்! அழிக்க வேண்டுமா? அழுத்தத்தைத் திருப்பிப் போட்டால் போதும்.

லப்டொப்பில் எஸ்எஸ்டிக்குக் கிடைப்பது 5 வோல்ற் அல்லது 3.3 வோல்ற்தானே, 20 எங்கிருந்து வந்தது என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சில்லுக்குள்ளேயே குட்டிக் கொள்ளளவிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் ஏற்றிய மின்னேற்றத்தை அடுத்ததன்மேல் அடுக்கி, அதை அதற்கடுத்ததன்மேல் அடுக்கி, படிப்படியாக உயர்த்திவிடுகிறார்கள். தொடர், சமாந்தரம் என்று சாதாரண தரத்தில் மனனம் செய்ததன் பேரப்பிள்ளை இது.

இப்படியான ஒரு திரான்சிற்றரைக் கலம் என்பார்கள். ஒரு கலத்தை ஒரு வயல் என்று வைத்துக்கொள்வோம். காவலி அதன் வரம்பு, இலத்திரன்கள் கட்டி நிற்கும் தண்ணீர். முதலில் வந்த சில்லுகள் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தன. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் தண்ணீரின் உயரத்தை எட்டு மட்டமாகப் பிரித்து அளக்கின்றன. அதனால் ஒரு கலத்தில் மூன்று பிட், அதாவது 0 அல்லது 1 மூன்று. மலிவானவை பதினாறு மட்டம், நாலு பிட். மட்டங்கள் நெருங்க நெருங்க, கொஞ்சம் கசிந்தாலும் கணக்குப் பிழைக்கும். கசிவு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு முறை இலத்திரன்களை அந்த ஒட்சைட்டின் ஊடாகத் தள்ளும்போதும் உள்ளே சில பிணைப்புகள் உடைகின்றன, குறைபாடுகள் சேர்கின்றன. வரம்பில் நண்டு வளை போட்ட மாதிரி. ஒன்றிரண்டு வளை என்றால் பரவாயில்லை, பல ஆயிரம் முறை எழுதி அழித்த பிறகு அந்த வரம்பு தண்ணீர் பிடிக்காது. மூன்று பிட் கலம் சுமார் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் தடவை தாங்கும்.

அதனால் நல்ல எஸ்எஸ்டியில் வயல்களை மேற்பார்க்கும் ஒரு வட்டவிதானை இருக்கிறார், கட்டுப்படுத்தி என்ற சில்லு. ஒரே வயலில் திரும்பத் திரும்ப எழுதவிடாமல் எல்லா வயலுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது, வரம்பு பழுதானதை ஒதுக்கிவைத்து ஒதுக்குப்புறத்தில் வைத்திருக்கும் புது வயலைத் திறப்பது, இரண்டும் அவர் பொறுப்பு. நீங்கள் ஒரே கோப்பை நூறு தரம் சேமித்தாலும் அது நூறு வெவ்வேறு இடத்தில் போய் விழும். முதலாவது லப்டொப்பில் போட்டிருக்கும் ஈஎம்எம்சியும் இதே வகைக் கலங்கள்தான், ஆனால் விதானை எளிமையானவர், கலங்களும் குறைவு, போதாக்குறைக்குத் தாய்ப்பலகையோடு பற்றவைத்திருப்பதால் பழுதானால் கழற்றி மாற்றவும் முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் ஆகக்குறைந்த இடமே 64 ஜிபி. புதிது என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுக்காதீர்கள்.

'பாவித்த எஸ்எஸ்டி தேய்ந்திருக்குமே' என்ற பயம் நியாயமானது, கணக்குப் போட்டால் குறையும். 250 ஜிபி அளவிலான நல்ல எஸ்எஸ்டி ஒன்றுக்கு 150 டெராபைட் எழுதும் வரை கம்பனி உத்தரவாதம் தருகிறது. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 7500 நாள், அதாவது 20 வருடம். அதற்கு முன் லப்டொப்பின் பிணைச்சல் உடைந்துவிடும்.

மிதக்கும் வாயிலை வைத்து ஃபிளாஷ் நினைவகம் என்ற இந்தச் சில்லு வகையை உருவாக்கியவர் தொஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா. 1984இல் முதல் வகையை அறிவித்தார், எஸ்எஸ்டிகளில் இருக்கும் நான்ட் வகை 1987இல் வந்தது. பிறகு தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கேட்டு அதே கம்பனிமேல் வழக்குப் போட்டு, 2006இல் 8 கோடியே 70 இலட்சம் யென்னுக்குச் சமரசமானார். உலகத்தின் ஒவ்வொரு ஃபோனுக்குள்ளும் இருக்கும் பொருளுக்கு அது ஒரு காசா? இன்னும் பின்னால் போனால் 1928. அந்தச் சாய்ந்த முக்கோணத் தடையைக் கணக்கிட்டவர்கள் ஃபௌலரும் நோர்ட்ஹைமும். குளிர்ந்த உலோகத்திலிருந்து மின்புலம் இலத்திரனை எப்படி உருவுகிறது என்று அறியும் ஆவலைத் தவிர, விற்க அவர்களிடம் ஒரு சாமானும் இருக்கவில்லை. நம் நாட்டில் ஆராய்ச்சிக்குப் போகும் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 0.1ஐச் சுற்றியே கிடக்கிறது. வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பௌதிகவியல் படிக்கும் பிள்ளை இப்படி ஒரு கேள்வியோடு வந்தால் 'இதால் என்ன வருமானம்?' என்று முதல் கேள்வியாகக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது.

அதேபோல, லப்டொப் மெல்ல ஓடினால் 'நாவூறு பட்டுவிட்டது' என்பதும், டெஸ்க்ரொப்பில் வலது கிளிக் செய்து ரிஃப்ரெஷ்ஷைப் பத்துத் தரம் அழுத்துவதும் எனக்கு ஒரே தட்டில்தான். அந்த ரிஃப்ரெஷ் திரையில் இருக்கும் சின்னங்களைத் திரும்ப வரைகிறது, வேறொன்றும் செய்யாது. சரஸ்வதி பூசைக்கு லப்டொப்பை வைத்துப் பொட்டு வைப்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, சந்தனம் யூஎஸ்பி துவாரத்துக்குள் போகாத வரைக்கும். எஸ்எஸ்டியை டிஃபிராக் பண்ணச் சொல்லும் 'வைத்தியர்'களை மட்டும் கிட்ட எடுக்காதீர்கள். தேட வேண்டிய தட்டே இல்லாத இடத்தில் துண்டுகளை ஒன்றுசேர்த்து ஒரு பலனும் இல்லை, சும்மா வளை தோண்டுவதுதான் மிச்சம்.

வெப்பம் உண்மையான பிரச்சினை. சூடு கூடினால் கலத்திலிருந்து இலத்திரன் கசிவதும் கூடும். எழுதும் ஆயுள் முழுவதும் முடிந்த சாதாரண எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழிற்றுறைத் தரம். புதியது அதைவிடப் பல மடங்கு காக்கும். ஆனாலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீற் போட்ட அறையின் அலுமாரி 30 பாகையில் நிற்காது. கலியாணப் படங்களை ஒரு மலிவு பென்ரைவில் போட்டு அதற்குள் பூட்டிவைத்துவிட்டு ஐந்து வருடம் கழித்துத் தேடுவது நல்ல யோசனை அல்ல. இன்னொரு பிரதி வேறெங்காவது இருக்கட்டும். பழைய ஹாட் டிஸ்க்குக்கு அங்கே இன்னும் வேலை உண்டு.

கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பற்றரியில் மட்டும் அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில்தான் லப்டொப்பின் அருமை தெரியும், பற்றரி செத்தது என்றால் அதன் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும். துவாரங்களைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் கிடந்த சாமான் என்றால் உப்புக் காற்றில் உள்ளே பச்சை பிடித்திருக்கும். பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிடச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணித்தியாலம் ஓடியது, மொத்தம் எவ்வளவு எழுதியது, ஆயுளில் எத்தனை வீதம் மிச்சம் என்று பெரும்பாலும் காட்டிவிடும். தொண்ணூறுக்கு மேல் என்றால் பேச்சே இல்லை, எடுங்கள். எழுபதுக்குக் கீழே என்றால் புது எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். சின்னப் பட்டை போன்ற எம்.2 வகை என்றால் அடிமூடியைத் திறந்த பிறகு அது ஒரே ஒரு திருகாணி வேலை. அதற்குக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டாம்.