வைல்ட்காட், ப்ராக்சிமிட்டி: ரெண்டையும் தமிழில என்னெண்டு சொல்றது?

காட்ஸ் விளையாடக்குள்ள ஜோக்கர் கைக்கு வந்தா அதை எந்தக் காட்டாவும் வைச்சு செட்டை முடிக்கலாம்தானே, இங்கிலீசில அப்பிடிப்பட்ட காட்டுக்குத்தான் வைல்ட் காட் எண்டு பேர், கம்ப்யூட்டர்காரர் அதையே எடுத்து தேடலில வாற * , ? குறிகளுக்கு வைச்சிட்டாங்க. ? ஒரேயொரு எழுத்துக்கு நிக்கும், * எத்தனை எழுத்துக்கும் நிக்கும், ஒண்டுமே இல்லாட்டியும் சரி. இதைத் துரும்பு எண்டு மட்டும் சொல்லக்கூடாது, முன்னூற்றிநாலு விளையாடுற ஆக்களுக்குத் தெரியும், துரும்பு மற்றக் காட்டை வெட்டும், ஆனா இன்னொரு காட்டா மாறாது. எனக்குப் பிடிச்சது பொதுக்குறி.

ப்ராக்சிமிட்டி லத்தீன் சொல்லில இருந்து வந்தது, ப்ராக்சிமஸ் எண்டா ஆகக் கிட்ட. ரெண்டு சொல் கிட்டக் கிட்ட வாற இடத்தைத் தேடுறதுக்கு அண்மைத் தேடல் எண்டா அச்சொட்டாப் பொருந்தும்.

சரி, இந்த ரெண்டையும் சேர்த்துத் தேடுறதுலதான் பிரச்சின. டக் கட்டிங் 1999ல எழுதின லூசீன் எண்ட தேடல் மென்பொருளில, நம்மட மட்டக்களப்புக் கூத்துப் பிரதியெல்லாம் டைப் பண்ணி ஏத்தி வைச்சிருக்கிறம் எண்டு வைங்க, அண்ணாவியும் (கூத்துப் பழக்கிறவர்) கூத்தும் கிட்டக் கிட்ட வாற இடம் வேணும்,

"அண்ணாவி* கூத்த*"~5

எண்டு குடுத்தா சாதாரண பார்சர் (நாம எழுதிற தேடலைப் பிரிச்சு விளங்கிற பகுதி) மேற்கோளுக்குள்ள இருக்கிற * குறியக் கணக்கெடுக்காது, பிழை எண்டும் சொல்லாது, வெறுங்கையோட திரும்பி வரும். இதுக்கு காம்ப்ளெக்ஸ் ஃப்ரேஸ் பார்சரைப் பாவிக்கணும். அதுல போட்டா அண்ணாவியார், அண்ணாவிமார் எல்லாம் வரும், இடையில அஞ்சு சொல் வரைக்கும் இருக்கலாம், ஆனா சும்மா விட்டா நீங்க எழுதின ஒழுங்கிலதான் பார்க்கும், கூத்து முன்னுக்கு வந்தா விட்டிரும்.

கூத்து* எண்டு போடாம கூத்த* எண்டு போட்டதுக்குக் காரணம் இருக்கு, இத வடிவாக் கவனிக்கணும். யூனிகோடில து எண்டது த எழுத்தும் உகரக் குறியும் எண்டு ரெண்டு துண்டு, கூத்தில், கூத்தை எண்டு வேற்றுமை ஏறக்குள்ள அந்த உகரம் போயிரும், அதால உகரத்தோட தேடினா அதுகள் ஒண்டும் மாட்டாது. நம்மட பாசையில கனக்கச் சொல் இப்பிடி வால் மாறுறதுதான், அதனாலதான் பொதுக்குறி இங்கிலீசை விட நமக்குக் கூட வேணும் எண்டு நான் சொல்றன்.

மறுகா, இந்த காம்ப்ளெக்ஸ் ஃப்ரேஸ் பார்சரில க* எண்டு ஒத்தை எழுத்தோட போட்டிராதீங்க, பொருந்துற சொல்லெல்லாத்தையும் அது விரிச்சு எடுக்கும், சும்மா விட்டா 1024 சொல்லைத் தாண்டினதும் பிழை காட்டி நிண்டிரும், மூண்டு நாலு எழுத்தாவது முன்னுக்குக் குடுங்க.