கோலமாவில் பதிந்த நான்கு விரல்

வீட்டில் எலி நடமாட்டம் தெரிந்ததும் நம்மில் பலர் முதலில் ஓடுவது கடைக்குத்தான், எலி மருந்து வாங்க. பல வருஷம் நானும் அப்படித்தான் ஓடினேன். போன ஐப்பசி மழையில் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் துவரம்பருப்பு பாக்கெட் ஓரம் கடிபட்டுக் கிடந்தபோது மட்டும் மருந்தைத் தேடவில்லை. ஒரு கைப்பிடி கோலமாவை எடுத்தேன். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு, சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மாவை மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுத்தோம். விடிந்ததும் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், மாவு முழுக்கக் கால் தடம்.

தடத்தில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து விரல், நடுவில் நூல் இழுத்தாற்போல வாலின் கோடு. மற்றதில் முன்கால் பின்கால் எல்லாவற்றுக்கும் ஐந்து ஐந்து விரல். முதலாவது எலி. எலிகளுக்கு முன்காலின் கட்டைவிரல் தேய்ந்து வெறும் முண்டாக நின்றுவிட்டது, அது தடத்தில் விழாது. இரண்டாவது எலியே இல்லை, மூஞ்சூறு.

மூஞ்சூறு கொறிக்கும் இனத்தைச் சேர்ந்ததல்ல. அதற்கு உளி போன்ற முன்பல் கிடையாது, ஊசி ஊசியாகச் சின்னப் பற்கள்தான். முக்கிய உணவு கரப்பான், வண்டு, புழு. நீண்ட மூக்கைத் துழாவிக்கொண்டு 'கீச் கீச்' என்று சத்தம் போட்டபடி சுவரோரமாக ஓடும். உடம்பின் பக்கவாட்டுச் சுரப்பியிலிருந்து வரும் அந்த நெடியைத் தாங்க முடியாமல்தான் விரட்டுகிறோம். குட்டிகளைக் கூட்டிப்போவதைப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் கோபம் வராது. ஒரு குட்டி அம்மாவின் வாலடியைக் கவ்வ, அடுத்தது அந்தக் குட்டியைக் கவ்வ, ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போகும். சாப்பாட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்க விடக் கூடாதுதான். ஆனால் பருப்பு பாக்கெட்டையும் ஒயரையும் கடித்தது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. அதற்கு மருந்து வைத்துக் கொல்லும் வீட்டில் கரப்பானுக்குத்தான் லாபம்.

சரி, எலிக்கு வருவோம். நம் ஊர் வீடுகளுக்கு வருகிறவை பெரும்பாலும் மூன்று. சுண்டெலி 20 கிராம் தேறுவதே அதிகம். அரிசி டப்பாவுக்குப் பின்னால், பழைய துணி மூட்டைக்குள், ஃபிரிட்ஜின் அடியில் என்று சாப்பாட்டுக்கு நாலு அடி தூரத்திலேயே குடித்தனம் நடத்திவிடும். அடுத்தது வீட்டெலி. 150, 200 கிராம் இருக்கும். வால் உடம்பைவிட நீளம், காது பெரிசு. நன்றாக ஏறும். தென்னை மட்டை, கேபிள் ஒயர், ஓட்டுக் கூரை, பரண் என்று அதன் பாதையெல்லாம் நம் தலைக்கு மேலேதான். மூன்றாவது பெருச்சாளி. ஒரு கிலோ வரைக்கும் வளரும், ஏறுவதைவிடத் தோண்டுவதில் கெட்டி. சாக்கடை ஓரத்திலும் மதில் அடியிலும் மண்ணைக் குவித்துப்போட்டிருந்தால் அது வந்து போகிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இதைப் 'பாண்டிகூட்' என்கிறார்களே, அந்தச் சொல் தெலுங்கின் 'பந்திகொக்கு' என்பதிலிருந்து போனது. பொருள், பன்றி எலி.

கோலமாவு தூவ நேரமில்லை என்றால் புழுக்கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். சுண்டெலியின் புழுக்கை சீரகம் அளவுதான் இருக்கும். வீட்டெலியுடையது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், இரண்டு முனையும் கூராக, லேசாக வளைந்திருக்கும். பெருச்சாளியுடையது இன்னும் தடிமன். கறுத்து மினுமினுப்பாக இருந்தால் புதுசு. சாம்பல் பூத்து, குச்சியால் தொட்டதும் உதிர்ந்தால் பழசு. ஒரே சுண்டெலி ஒரு நாளில் ஐம்பதுக்கு மேல் புழுக்கை போடும் என்பதால், நிறையக் கிடப்பதைப் பார்த்து ஒரு படையே வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அலட்சியமாகவும் விட முடியாது. சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு குட்டி. அந்தக் குட்டிகள் ஒன்றரை மாதத்தில் அடுத்த தலைமுறைக்குத் தயார்.

எலியின் பல் ஒரு அதிசயம். மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வருஷத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல். பல்லின் முன்பக்கத்தில் மட்டும்தான் கெட்டியான எனாமல். அதில் இரும்பு கலந்திருப்பதால் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரியும். பின்பக்கம் மெதுவானது, சீக்கிரம் தேயும். முன்பக்கம் நிற்க, பின்பக்கம் தேய, நுனி எப்போதும் சாணை பிடித்த உளி மாதிரி இருக்கும். பல் வளர்ந்து வாயைக் குத்திவிடுமே என்றுதான் எலி கொறிக்கிறது என்று சொல்வார்கள். ஆனால் மேல்பல்லும் கீழ்பல்லும் ஒன்றோடொன்று உரசியே பெரும்பாலும் தேய்ந்துகொள்ளும். கொறிப்பதெல்லாம் முக்கியமாக வழி உண்டாக்கத்தான். கொறிக்கும்போது உதட்டுத் தோல் முன்பற்களுக்குப் பின்னால் மடிந்து வாயை அடைத்துக்கொள்வதால் பிளாஸ்டிக் தூளோ மரத்தூளோ உள்ளே போகாது. மரக்கதவு, பிளாஸ்டிக் டிரம், கொசுவலை, மின்சார ஒயர் எதுவும் இந்த உளிக்கு முன் நிற்காது. ஒயரின் மேலுறை போனால் ஷார்ட் சர்க்யூட், தீ விபத்து வரைக்கும் போகலாம். எஃகிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்காது.

அப்புறம் அதன் மனசு. வீட்டெலியும் பெருச்சாளியும் பயங்கரச் சந்தேகப் பிராணிகள். தினமும் போகிற பாதையில் புதுசாக ஒரு செங்கல் கிடந்தால்கூட இரண்டு மூன்று நாள் சுற்றிப் போகும். புதிய உணவைத் துளி எடுத்து ருசி பார்த்துவிட்டுக் காத்திருக்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. தப்பானதைத் தின்றால் வெளியே தள்ள வழி இல்லாததால் இந்த எச்சரிக்கைதான் அதற்குக் காவல். அமெரிக்காவில் ஜான் கார்சியா என்ற உளவியலாளர் 1955-இல் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே கதிர்வீச்சால் உடம்பு நோக வைத்தார். அதன்பின் அவை இனிப்புத் தண்ணீரைத் தவிர்க்க ஆரம்பித்துவிட்டன. சாப்பிட்டு நேரம் கழித்து நோய் வந்தாலும், அதைத் தின்ற ருசியோடு எலி முடிச்சுப் போட்டுவிடும் என்பது பிறகு உறுதியானது.

உடனே வேலை செய்கிற விஷங்கள் வீட்டில் தோற்பது இதனால்தான். கொஞ்சம் தின்று வயிற்றைப் புரட்டினால் பிழைத்த எலி அந்தப் பக்கம் திரும்பாது. இதற்கு விடை மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, பிறகு மனிதருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாகவும் ஆனது. இன்று கடையில் கிடைக்கும் எலி கேக்கில் இருப்பது இதே குடும்பத்து மருந்துதான். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். மருந்து அதை மறுபடி பயன்பட விடாமல் தடுக்கிறது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள் தீர நாலைந்து நாள் ஆவதால் எலிக்கு எதனால் நோய் என்று புரியாது.

அதனால் கேக் வேலை செய்யும். ஆனால் எங்கே போய்ச் சாகும் என்பது நம் கையில் இல்லை. எங்கள் பரணுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒன்று செத்து, பத்து நாள் அந்த அறையில் யாராலும் படுக்க முடியவில்லை. மயங்கிக் கிடக்கும் எலியைத் தின்ற பூனைக்கும் ஆந்தைக்கும் அதே விஷம் ஏறும். எலி பேஸ்ட் இதைவிட மோசம். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கும், மாற்று மருந்தும் கிடையாது. தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்திருக்கிறது. பழைய டியூப் எங்காவது கிடந்தால் குழந்தை கைக்கு எட்டும் முன் அப்புறப்படுத்துங்கள். பசை அட்டையும் வேண்டாம் என்பேன். ஒட்டிய எலி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் துடிக்கும். பல்லியும் மூஞ்சூறும்கூட அதில் மாட்டும்.

பொறிதான் நல்லது. மசால்வடை வைப்பது சும்மா வந்த வழக்கமில்லை. பொரித்த எண்ணெயும் பருப்பும் சேர்ந்த வாசனை தூரத்திலிருந்தே இழுக்கும், கொழுப்பும் புரதமும் அதற்குப் பிடித்தமானவை. சுட்ட தேங்காய்க் கீற்றும் கருவாடும்கூட நடக்கும். பொறியை அறை நடுவில் வைத்துப் பயனில்லை. எலிக்குப் பார்வை மட்டு, மீசை மயிரால் சுவரைத் தொட்டுக்கொண்டேதான் ஓடும். ஒரே தடத்தில் ஓடி ஓடி உடம்பு எண்ணெய் பட்டுச் சுவரின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருக்கும். பொறியின் வாய் அந்தப் பட்டையில் இருக்க வேண்டும். வீட்டெலி என்றால் இரண்டு மூன்று நாள் வடையை மட்டும் வைத்து, கதவு மூடாதபடி கட்டிவிடுங்கள். பழகிய பிறகு கட்டை அவிழ்த்தால் போதும். சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை, அது புதுசைக் கண்டால் கிட்ட வந்து முகரும்.

பூனை வளர்க்கலாமே என்பார்கள். 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நியூயார்க்கின் புரூக்ளினில் குப்பை மறுசுழற்சி நிலையத்துக்கு வந்த பூனைகளை 79 நாள் கேமராவில் பார்த்தார்கள். கொன்றது இரண்டே எலி. வளர்ந்த எலி திருப்பிக் கடிக்கும் என்று பூனைக்குத் தெரியும். சுண்டெலிக்குப் பூனை சரி. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவியை நம்பிப் பணம் போட வேண்டாம். அந்த ஒலி சுவரையும் பீரோவையும் தாண்டாது, எலியும் சில நாளில் பழகிவிடும்.

ஆக, ஓட்டையை அடைப்பதுதான் வேலை. எத்தனை பிடித்தாலும் வழி திறந்திருந்தால் அடுத்தது வரும். பென்சில் நுழைகிற சந்தில் சுண்டெலி நுழையும், ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டையில் வீட்டெலி நுழையும். மண்டை போனால் உடம்பு போய்விடும். சிங்கின் கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏசி குழாய்க்குப் போட்ட துளை, கதவின் அடிச்சந்து, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வாய், பாத்ரூம் தண்ணீர் வெளியேறும் துளை, இவற்றைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் ஒன்றை ஓட்டையில் இறுகத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் பல்லுக்கு எட்டாது. வெறும் சிமெண்ட் காய்வதற்குள் குடைந்துவிடும். கதவடியில் தகரப் பட்டை, நீர்த்துளைக்கு எஃகு ஜல்லடை, ஜன்னலுக்கு நைலானுக்குப் பதில் எஃகு வலை. தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றித் தகரம் கட்டுகிறார்களே, அதே கணக்குதான். வழவழப்பில் நகம் பிடிக்காது. கூரையைத் தொடும் கிளையையும் மட்டையையும் வெட்டிவிடுங்கள்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. ஈரப்பதமுள்ள தீனி கிடைத்தால் சுண்டெலி குடிநீர் இல்லாமலே சமாளிக்கும். வீட்டெலிக்குத் தினமும் குடிக்கத் தண்ணீர் வேண்டும். சொட்டுகிற குழாயும், ராத்திரி நாய்க்கு வைத்த கிண்ணமும் அதற்குப் போதும்.

புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசியோடு மூக்கில் ஏறும். பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு துணியால் துடையுங்கள். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கால் வெடிப்பு வழியே உள்ளே போகும். மழைத் தண்ணீரில் நடந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்காலில் கடும் வலியும் வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் வழி சிங்குக்குக் கீழேதான் இருந்தது. குழாயைச் சுற்றி இரண்டு விரல் அகலச் சந்து. ஸ்டீல் நார் மூன்று, சிமெண்ட் ஒரு கிண்ணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவ்வளவுதான் செலவு. உள்ளே மாட்டிக்கொண்டது மூன்றாம் நாள் பொறியில் விழுந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி கோலமாவு தூவிப் பார்த்தேன். நான்கு விரல் தடம் ஒன்றுகூட இல்லை. கொல்லைக் கதவிலிருந்து கரப்பான் ஒளியும் மூலை வரைக்கும் ஐந்து விரல் தடம் மட்டும் போய்த் திரும்பியிருந்தது. அந்தக் கதவுக்குத் தகரம் அடிக்க இன்னும் மனசு வரவில்லை.